இலங்கையும் மாலத்தீவும் யார் பக்கம்? நோட்டுப் போட்டுப் படிக்கும் முறை

கன்னியாகுமரி முனையிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். மாலே சுமார் 620. சென்னையும் ஏறத்தாழ அதே 620தான். மாலத்தீவின் புதிய அதிபர் யாரோடு கை குலுக்கினார் என்பது குமரி மாவட்டத்துக்குத் தலைநகரச் செய்தி அளவுக்கே பக்கத்துச் செய்தி. ஆனால் ஒரு சீனக் கப்பல் வந்தால் "சீனா பக்கம் சாய்ந்துவிட்டார்கள்" என்போம். அடுத்த மாதமே இந்தியக் கடனுதவி அறிவிக்கப்பட்டால் "திரும்பி வந்துவிட்டார்கள்" என்போம். இரண்டும் அவசரத் தீர்ப்பு. சின்ன நாடு முழுதாக ஒரு பக்கம் போவது அபூர்வம். துறைமுகத்தை ஒருவருக்கும், ரோந்து விமானத்துக்கான இடத்தை இன்னொருவருக்கும், கடன் மறுசீரமைப்பின் சாவியை மூன்றாமவருக்கும் கொடுத்து வைத்திருக்கும். எதை, எத்தனை ஆண்டுக்கு, யார் முடிக்கலாம் என்ற கணக்கோடு கொடுத்திருக்கிறது என்று எழுதிப் பார்த்தால்தான் படம் தெளியும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், படகு உரிமையாளர் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோருக்கான முறை இது. ஒரு நாட்டுக்கு ஒரு 200 பக்க நீள நோட்டு. நீலப் பேனா, சிவப்புப் பேனா, பென்சில், அடிக்கோல் ஒவ்வொன்று. வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்.

வரைபடத்தில் தொடங்குங்கள்

முதல் இரண்டு பக்கத்தில் இந்தியப் பெருங்கடலின் வட பகுதி வரைபடத்தை ஒட்டுங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், விழிஞ்ஞம், மினிக்காய், மாலே, தெற்கே அட்டூ தீவுக்கூட்டத்தின் கான், கொழும்பு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அமெரிக்க-பிரிட்டிஷ் ராணுவத் தளம் உள்ள டியேகோ கார்சியா ஆகியவற்றைக் குறியுங்கள். முனையிலிருந்து அம்பாந்தோட்டை சுமார் 450 கிலோமீட்டர், டியேகோ கார்சியா சுமார் 1,800.

அடுத்து இரண்டு கப்பல் பாதைகள். ஒன்று இலங்கையின் தென்முனையான தேவேந்திர முனைக்குக் கீழே கிழக்கு மேற்காகப் போவது. மற்றது மினிக்காய்க்கும் மாலத்தீவின் வட முனைக்கும் நடுவிலுள்ள எட்டு டிகிரிக் கால்வாய். பெரிய நாடுகள் இந்தத் தீவுகளை ஏன் சுற்றி வருகின்றன என்ற கேள்விக்கு இந்த இரண்டு கோடுகளே பாதி பதில்.

கடல் எல்லைக்கு இரண்டு எண்களை மனத்தில் வையுங்கள். 12 கடல் மைல் (22.2 கி.மீ.) வரை அந்த நாட்டின் ஆட்சிக் கடல். 200 கடல் மைல் (சுமார் 370 கி.மீ.) வரை தனிப் பொருளாதார மண்டலம், மீன், எண்ணெய், கடலாய்வு உரிமை அங்கே அந்த நாட்டுக்கு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் அவ்வளவு அகலம் கிடையாது. அதனால் 1974, 1976 ஒப்பந்தங்கள் கோடு கிழித்தன. மாலத்தீவோடும் 1976இலேயே எல்லை முடிவானது. 1974 என்றதும் எல்லோருக்கும் கச்சத்தீவு நினைவுக்கு வரும். 1976 மார்ச் கடிதப் பரிமாற்றம் குமரிக்கு இன்னும் நெருக்கமானது. முனைக்குத் தெற்கேயுள்ள வெட்ஜ் பேங்க் மீன்வளப் பரப்பு இந்தியாவின் மண்டலத்துக்குள் வந்தது அதில்தான். இலங்கைக்கு இடைக்கால ஏற்பாடாக 6 படகுகள், 3 ஆண்டுகள், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேற்படாத மீன் என்று அனுமதி தரப்பட்டது. பொருள், அளவு, காலம், முடிவு எல்லாம் எண்ணில் இருக்கின்றன. நோட்டில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு கட்டங்கள்

மூன்றாம் பக்கத்திலிருந்து நோட்டை ஆறு கட்டமாகக் கோடு போடுங்கள். கொடுக்கப்பட்ட பொருள் என்ன; யாருக்கு; எந்தத் தேதியிலிருந்து எத்தனை ஆண்டு; யார் முடிக்கலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு; பதிலுக்கு என்ன கிடைத்தது; அதே காலத்தில் எதிர்த்தரப்புக்கு என்ன கொடுக்கப்பட்டது.

கையெழுத்தானது மட்டும் பேனாவில். மேடைப் பேச்சு, அமைச்சர் பேட்டி, "கொள்கையளவில் ஒப்புதல்" எல்லாம் பென்சிலில். பென்சில் வரி பேனாவாக மாறினால் தேதி போடுங்கள். ஆறு மாதத்தில் மாறாவிட்டால் அழிக்காமல் ஒரு கோடு அடித்து விடுங்கள். அறிவித்து நிறைவேறாதவையும் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லும்.

நான்காம் கட்டத்தையும் ஆறாம் கட்டத்தையும் பலர் காலியாக விட்டுவிடுவார்கள். செய்தித்தாளில் அவை அருகருகே வருவதில்லை என்பதே காரணம். ஆனால் சமநிலை தெரிவது அந்த இரண்டில்தான். ஒரு வரியில் ஆறாம் கட்டம் காலியாக இருந்தால், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் 60 நாள் செய்திகளைப் புரட்டுங்கள். பெரும்பாலும் ஏதாவது அகப்படும்.

முதல் பயிற்சி திருவிதாங்கூரில்

முடிவு தெரிந்த வரலாற்றில் பழகிவிட்டு இன்றைய செய்திக்கு வருவது நல்லது. அதற்கு இந்த மாவட்டத்தைவிடத் தோதான இடம் இல்லை. வரிகளை இப்படிப் போடுங்கள்.

1741: குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. 1753: மாவேலிக்கரை ஒப்பந்தம். மிளகு டச்சுக்காரருக்கு, பதிலுக்கு, மலபாரின் மற்ற அரசர்களுக்கு அவர்கள் துணை நிற்பதில்லை. ஆங்கிலேயரோ அஞ்சுதெங்கில் இருந்தபடியே வணிகத்தைத் தொடர்ந்தார்கள். தோற்றவனோடு வியாபாரம், அவனுடைய போட்டியாளனோடும் வியாபாரம்.

1789: கொடுங்கல்லூர், ஆயக்கோட்டைக் கோட்டைகளைத் திருவிதாங்கூர் டச்சுக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அவை தன் ஆதிக்கத்திலுள்ள கொச்சியின் நிலம் என்றார் திப்பு. அந்த ஆண்டு டிசம்பரில் திருவிதாங்கூரின் எல்லை அரணான நெடுங்கோட்டையைத் தாக்கினார். இந்த வரியின் ஐந்தாம் கட்டத்தில் இரண்டு கோட்டை. அதன் எதிரே ஒரு போர்.

1795: ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம், படைச் செலவுக்கு ஆண்டுக் கட்டணம். அதே ஆண்டு அக்டோபரில் டச்சுக் கொச்சி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. 1799இல் திப்பு மறைந்தார். 1805: புதிய ஒப்பந்தம், கட்டணம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய், பணம் தவறினால் ஆட்சியில் தலையிடும் உரிமை கம்பெனிக்கு. 1809: பாக்கி நெருக்கடி முற்றி, தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் பிரகடனம் செய்து கிளர்ந்தார், தோற்றார்.

இப்போது நான்காம் கட்டத்தை மேலிருந்து கீழே படியுங்கள். 1753இல் ஒப்பந்தத்தை முறிக்கும் வலு திருவிதாங்கூருக்கும் இருந்தது. 1805இல் கம்பெனிக்கு மட்டும். ஏன் மாறியது? டச்சுக்காரரும் மைசூரும் களத்தை விட்டுப் போனார்கள். போட்டி போடுகிறவர் இருவராவது இருக்கும்வரைதான் சின்ன அரசின் பேரம் செல்லும். ஒருவரே மிஞ்சினால் ராஜதந்திரம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் விலையை அவர்தான் சொல்வார்.

டிலனாயிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. அவர் அந்நியர், ஆனால் பத்மநாபபுரத்து அரசருக்குக் கட்டுப்பட்டவர். 1795க்குப் பின் வந்த பட்டாளங்கள் மதராசுக்குக் கட்டுப்பட்டவை. அந்நியர் எத்தனை பேர் என்பதைவிட, அவர்களுக்கு உத்தரவு யாரிடமிருந்து வருகிறது என்பதை எழுதுங்கள். மாலத்தீவுச் செய்திக்கு இந்தக் கேள்வி நேராகப் பொருந்தும்.

ஒப்பந்தத்தின் எடை

"பாதுகாப்பு ஒப்பந்தம்" என்று தலைப்பு வந்தால் அதன் வகையைக் கண்டுபிடிக்கும்வரை கவலையோ மகிழ்ச்சியோ வேண்டாம். கனமானது, தாக்கப்பட்டால் துணைக்கு வருவோம் என்ற உடன்படிக்கை. இலங்கை 1947இல் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தது. அதன்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரிட்டிஷாரிடமே இருந்தன. பண்டாரநாயக்க அரசு 1957இல் அவற்றைத் திரும்பப் பெற்றது. நடுவிலேயே, 1952இல், அதே இலங்கை கம்யூனிஸ்ட் சீனாவோடு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் போட்டது. தளம் லண்டனுக்கு, சோறு பீஜிங்கிலிருந்து.

அதற்கடுத்த எடை, "பிறருக்குத் தரமாட்டேன்" என்ற உறுதி. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களைத் தேடிப் படியுங்கள். திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ இந்திய நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்கிறது ஒரு வரி. இன்றைக்கும் டெல்லி ஒவ்வொரு கப்பலுக்கும் குரல் எழுப்புவதன் வேர் அங்கே இருக்கிறது. அமைதிப் படை 1990 மார்ச்சில் திரும்பிவிட்டது. கடிதம் நிற்கிறது.

அதற்குக் கீழே எரிபொருள், உணவு, பழுது பார்த்தலுக்கான பரஸ்பர வசதி ஒப்பந்தம். அமெரிக்காவோடு இலங்கை 2007இல் போட்டு 2017இல் புதுப்பித்தது இந்த வகை. இது தளம் கிடையாது. ஆனால் அடிக்கடி பயன்பட்டால் தளத்தின் பாதி வேலையைச் செய்யும். பயிற்சி, ரேடார், கடலடி அளவாய்வு ஆகியவற்றுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் இன்னும் லேசானவை. கூட்டுப் பயிற்சி, நல்லெண்ண வருகை ஆகியவற்றுக்கு ஒரு வரி போதும்.

கடலடி அளவாய்வை மட்டும் லேசாக விடாதீர்கள். ஆழம், அடித்தரை, உப்பு, வெப்பம் ஆகியவற்றின் கணக்கு மீன்வளத்துக்கும் ஆகும், நீர்மூழ்கி ஓட்டவும் ஆகும். மாலத்தீவு 2019இல் இந்தியாவோடு போட்ட அளவாய்வு ஒப்பந்தத்தை, 2023இல் அதிபரான முய்சுவின் அரசு புதுப்பிக்கவில்லை. 2024இல் அது காலாவதியானது. முறித்தால் சத்தம் எழும். காலாவதியாக விட்டால் சத்தம் குறைவு. சின்ன நாடுகளுக்குப் பிடித்த வழி அது. மூன்றாம் கட்டத்தில் ஆண்டுக்கணக்கை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கப்பல் வரும் வாரம்

நோட்டு நன்றாக நிரம்புவது ஒரு சர்ச்சைக் கப்பல் வரும்போதுதான். செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் சீனக் கப்பலான யுவான் வாங் 5 இலங்கைக்கு வந்த 2022 ஆகஸ்ட் நிகழ்வை ஒருமுறை முழுதாக எழுதிப் பாருங்கள்.

ஜூலையில் அனுமதி தரப்பட்டது. அந்த மாதமே கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். இந்தியா கவலை தெரிவித்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருகையைத் தள்ளிப்போடும்படி கொழும்பு கேட்டது. பிறகு மீண்டும் அனுமதித்தது. ஆகஸ்ட் 16 அன்று கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது, 22 அன்று போனது. நிபந்தனைகள்: இலங்கையின் மண்டலத்துக்குள் ஏ.ஐ.எஸ். அடையாளக் கருவி இயங்க வேண்டும், அறிவியல் ஆய்வு செய்யக் கூடாது. ஆகஸ்ட் 15 அன்று, அதாவது கப்பல் வருவதற்கு முந்திய நாள், இந்தியா கொடுத்த டோர்னியர் கண்காணிப்பு விமானம் கட்டுநாயக்கவில் ஒப்படைக்கப்பட்டது. அதிபர் ரணில் விழாவில் இருந்தார்.

பின்னணியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்திருந்தது. அந்த ஆண்டு இந்தியா சுமார் 400 கோடி டாலர் மதிப்புள்ள உதவி செய்தது. கடன் மறுசீரமைப்புக்குச் சீனாவின் ஒப்புதல் தேவை. இருவரில் யாருக்கும் "முடியாது" என்று சொல்லும் நிலையில் கொழும்பு இல்லை. ஆகவே கப்பலுக்கு "சரி" என்றது, கப்பலின் வேலைக்கு "வேண்டாம்" என்றது, மறுதரப்புக்கு ஒரு விமான மேடை அமைத்தது. தேதியைத் தள்ளிப்போடக் கேட்டது, நிபந்தனை வைத்தது, எதிரெடை வைத்தது: பின்னால் வரும் கப்பல் நிகழ்வுகளிலும் இந்த மூன்றையும் தேடுங்கள்.

2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு எல்லா வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் இலங்கை தடை போட்டது. பெயர் சொல்லாத பொதுத் தடை என்பதால் சீனாவை மட்டும் ஒதுக்கினார்கள் என்று எவரும் குறை சொல்ல முடியாது. அந்த பிப்ரவரியில் சீனாவின் சியாங் யாங் ஹாங் 3 ஆய்வுக் கப்பல் மாலே போய்ச் சேர்ந்தது. ஒரு வாசல் அடைத்தால் பக்கத்துத் தீவின் வாசலுக்குப் போவார்கள். இலங்கை நோட்டையும் மாலத்தீவு நோட்டையும் மாதம் ஒருமுறை அருகருகே வைத்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

பணக் கட்டம்

அம்பாந்தோட்டையைப் பற்றி நிலவும் கதை: கடன் கட்ட முடியவில்லை, சீனா துறைமுகத்தை எடுத்துக்கொண்டது. ஆவணப்படி எழுதினால் வேறு வரி கிடைக்கும். சீன எக்சிம் வங்கிக் கடனில் கட்டிய துறைமுகம் 2010இல் திறக்கப்பட்டது. 2017இல் 70 சதவீதப் பங்கும் 99 ஆண்டுக் குத்தகையும் சைனா மெர்ச்சண்ட்ஸ் நிறுவனத்துக்கு, 112 கோடி டாலருக்கு. அந்தப் பணம் அன்னியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் ரத்தாகவில்லை, தவணை தொடர்ந்தது. அப்போது இலங்கையை நெருக்கிய கடனில் பெரும் பங்கு பன்னாட்டுச் சந்தையில் விற்ற பத்திரங்களுடையது. இதனால் குத்தகை பாதிப்பில்லாதது என்று ஆகாது. 99 ஆண்டு என்பது மூன்று தலைமுறை. ஆனால் காரணத்தைத் தவறாக எழுதினால் அடுத்த நெருக்கடியைத் தவறான இடத்தில் தேடுவீர்கள்.

கொழும்புத் துறைமுகத்தைத் தனிப் பக்கமாக எழுதுங்கள். கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து மேம்படுத்த 2019இல் ஒப்புக்கொண்டார்கள். தொழிற்சங்க எதிர்ப்புக்குப் பின் 2021 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அடுத்து மேற்கு முனையத்தில் அதானிக்கு 51 சதவீதம், இலங்கை நிறுவனமான ஜான் கீல்ஸுக்கு 34, துறைமுக ஆணையத்துக்கு 15, காலம் 35 ஆண்டு. பக்கத்திலேயே 2013 முதல் சீன நிறுவனம் 85 சதவீதம் வைத்திருக்கும் தெற்கு முனையம். ஒரே அலைதடுப்புச் சுவருக்குள் இரு போட்டியாளர்களும் இருக்கிறார்கள். திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளிலும் 2022 ஜனவரி ஒப்பந்தம் பங்கு பிரித்தது: 14 இந்தியன் ஆயில் துணை நிறுவனத்துக்கு, 24 இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு, அதில் இலங்கைக்கு 51 சதவீதம்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தேர்தல் முழக்கத்தைக் கொள்கையாக எழுதுவது முதல் சறுக்கல். "இந்தியாவே வெளியேறு" என்ற முழக்கத்தின் தரப்பில் நின்று முய்சு 2023இல் வென்றார். இந்திய ராணுவத்தினர் 2024 மே 10க்குள் வெளியேறினர். ஆனால் இந்தியா கொடுத்திருந்த ஹெலிகாப்டர்களும் டோர்னியர் விமானமும் அங்கேயே இருந்தன. இயக்க இந்தியாவிலிருந்து சிவில் தொழில்நுட்பர்கள் வந்தார்கள். மார்ச்சில் சீனாவோடு ராணுவ உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபரில் முய்சு டெல்லி வந்தபோது 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் அளவில் நாணயப் பரிமாற்ற வசதி கிடைத்தது. 2025 ஜூலையில், அறுபதாம் சுதந்திர நாளில், மோடி மாலேயில் விருந்தினர். சீருடை போனது, சேவை தொடர்ந்தது, பணம் வந்தது. மூன்று தனி வரிகளாக எழுதினால் குழப்பம் இல்லை.

முதல் வெளிநாட்டுப் பயணம் எங்கே என்று எண்ணுவதற்கு அதிக மதிப்புத் தராதீர்கள். இலங்கை அதிபர் அனுர குமார திசநாயக்க 2024 டிசம்பரில் டெல்லி, 2025 ஜனவரியில் பீஜிங் போனார். வரிசையைவிட, ஏப்ரல் 2025இல் இந்தியாவோடு கையெழுத்தான பாதுகாப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கனமானது.

கடலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் மாலத்தீவு, சாகோஸ் கடல் வரைக்கும் போகின்றன. படகு பிடிபட்டால் உடனே அரசியல் காரணம் தேடுவது இயல்பு. தேதியைப் பாருங்கள்: 2023 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டப் படகு ஒன்று மாலத்தீவில் பிடிபட்டபோது, முய்சுவுக்கு முந்திய, இந்தியாவுக்கு நெருக்கமான அதிபர் சோலியின் அரசே இன்னும் பதவியில் இருந்தது. அந்நியப் படகுக்குத் தம் மண்டலத்தில் இடமில்லை என்பது மாலத்தீவின் மீன்பிடிச் சட்டம். எந்த அரசு வந்தாலும் அது நிற்கும். நட்பு மாறும்போது வேறுபடுவது விடுதலையாகும் வேகமும் அபராதப் பேச்சும் மட்டுமே. ஆகவே சங்கத்தில் இரண்டு தனிப் பட்டியல் வையுங்கள்: சட்டத்தால் வந்த கைதுகள் ஒன்று, உறவின் ஏற்ற இறக்கம் இன்னொன்று. எல்லைக் கோட்டின் ஆயப்புள்ளிகளை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றி, கோட்டுக்கு 5 கடல் மைல் முன்பே எச்சரிக்கை ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தங்கல் மீன்பிடிப்பில் இரவு நீரோட்டம் படகை இழுக்கும் தூரத்துக்கு அந்த இடைவெளி தேவை.

சாகோஸுக்குத் தனி நோட்டு வேண்டும். 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி தீவுகளின் இறையாண்மை மொரிஷியஸுக்கு, டியேகோ கார்சியா தளம் 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனுக்கு. அதே மொரிஷியஸின் அகலேகாவில் இந்தியா கட்டிய ஓடுதளமும் படகுத்துறையும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. கையெழுத்துக்கும் நடைமுறைக்கும் நடுவில் நாடாளுமன்ற ஒப்புதல் என்ற கட்டம் இருப்பதால், சாகோஸ் வரியைப் பேனாவில் எழுதி, நான்காம் கட்டத்தை மட்டும் பென்சிலில் வையுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கம் தேதிகளுக்கு. ஒவ்வொரு பேனா வரியிலிருந்தும் காலாவதி ஆண்டைக் கணக்கிட்டு ஏறு வரிசையில் எழுதுங்கள்: திருகோணமலைத் தொட்டிகள் 50 ஆண்டு என்பதால் 2072, அம்பாந்தோட்டை 2116. அடுத்த 24 மாதத்துக்குள் வரும் தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டு, அந்தந்த மாதம் வந்ததும் நோட்டைத் திறந்து, புதுப்பித்தார்களா, திருத்தினார்களா, சும்மா விட்டார்களா என்று மூன்றில் ஒன்றை எதிரே எழுதுங்கள்.